பதினெட்டாம் வருடத் தென்னங்கன்று

ஆவுடையப்பனுக்கு இது பதினேழாவது மலை. செண்பகராமனுக்குப் பதினெட்டாவது. இருவரும் ஒரே வருடம், ஒரே குருசாமி கையால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தறி. பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஒரு வருட வித்தியாசம்? நான்கு வருடங்களுக்கு முன்னால், கிளம்ப ஆறே நாள் இருக்கையில், ஆவுடையப்பனின் பங்காளிப் பெரியப்பா கண்ணை மூடிவிட்டார். தீட்டு! மாலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. தொண்ணூறு வருடம் இருந்த மனுஷன் இன்னும் பதினைந்து நாள் இருந்திருக்கக் கூடாதா என்று ஆவுடையப்பனுக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம்.

பதினெட்டாம் வருடம் என்பது லேசுப்பட்டதல்ல. அந்த வருடம் போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்து போய் மலையில் நட வேண்டும். நட்டால் அவர் குருசாமி. தறிக்கூடத்தில் இனி யார் மாலை போட நினைத்தாலும் செண்பகராமன் முன்னால் குனிந்தாக வேண்டும். ஆவுடையப்பனும் குனிந்தாக வேண்டும். இதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

விரத நாட்களில் அந்த எரிச்சல் காலுக்கு இறங்கியது. செண்பகராமன் செருப்பில்லாமல் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகினால் இவர் எட்டு நடந்தார். அவர் விடியற்காலை நான்கு மணிக்குக் குளித்தால் இவர் மூன்றரைக்கே குளித்துத் தும்மினார். இதில் பெரிய கொடுமை, மாலை போட்ட பிறகு யாரையும் திட்டக் கூடாது. 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது தடவையாவது செண்பகராமனைச் 'சாமி' என்றார்.

மார்கழியில் நான்கு பேர் நடையைத் தொடங்கினார்கள். முன்னால் மினி பஸ் ஓட்டும் குருசாமி வேலாயுதம். அவருக்குப் பின்னால் முதல் தடவை மலைக்கு வரும் எலக்ட்ரீஷியன் இசக்கிராஜா. அப்புறம் இவர்கள் இருவர். புளியங்குடி, செங்கோட்டை, புனலூர் என்று எட்டு நாள் நடை. செண்பகராமன் தலையில் இருமுடி, முதுகில் சாக்குத்துணி சுற்றிய தென்னங்கன்று. போகிற ஊரெல்லாம் அந்தக் கன்றுக்குத்தான் மரியாதை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டார். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து அவர் காலில் விழ வைத்தார்கள். பின்னால் வந்த ஆவுடையப்பனை ஒரு நாயாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

இருமுடி விஷயத்தில் ஒரு முறை உண்டு. அதைச் சுமப்பவர் தானாகத் தலையில் ஏற்றவும் கூடாது, தானாக இறக்கவும் கூடாது. இன்னொரு சாமி கை கொடுக்க வேண்டும். ஆரியங்காவில் ஒரு மத்தியானம் வேலாயுதமும் இசக்கிராஜாவும் குளிக்கப் போயிருந்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்த ஆவுடையப்பனின் தலைச்சுமைக்குச் செண்பகராமன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குடுங்க சாமி, இறக்கி வைக்கேன்."

"இருக்கட்டும் சாமி. குருசாமி வரட்டும்."

அவர்கள் திரும்பி வரும்வரை அரைமணி நேரம் வெயிலில் சுமையோடு நின்றார் ஆவுடையப்பன். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. இருந்தாலும் அவன் கையால் இறக்குவதா?

எருமேலியைத் தாண்டியதும் காடு. அழுதா ஆற்றில் முங்கி ஆளுக்கொரு கல் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். மேலே ஏறிக் கல்லிடும் குன்றில் அதைப் போட வேண்டும். எல்லாரும் போட்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் போடவில்லை. முன்னால் ஆடிக்கொண்டு போன கன்றின் ஓலையையே முறைத்துக்கொண்டு நடந்ததில் குன்று வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அங்கிருந்து இறங்கும்போதுதான் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. வேலாயுதம் கையைத் தூக்கினார்.

"ஆனை நிக்கி. யாரும் ஓடாதீங்க சாமி."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிளிறல். நால்வரும் இருமுடியை இறுகப் பிடித்துக்கொண்டு மூலைக்கு ஒருவராக ஓடினார்கள்! முள் கிழித்தது, வேர் தட்டியது. விழுந்தடித்து, சாமிகள் தங்கிப் போகும் முக்குழித் தாவளத்தில் வந்து சேர்ந்தபோது மூன்று பேர்தான் இருந்தார்கள். செண்பகராமனைக் காணோம்.

ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஆள் வரவில்லை. வேலாயுதத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஃபாரஸ்ட் ஆளுகளக் கூட்டிக்கிட்டுத்தான் தேடணும். இசக்கிசாமி, நீங்க ஓடிப்போய்ச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் இருமுடியை இறக்கச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அப்போதுதான் மடியில் கல் தட்டுப்பட்டது.

"நான் கல்லப் போட மறந்துட்டேன். போட்டுட்டு, அப்படியே ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

செண்பகராமனைத் தேடிப் போகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலாயுதம் தடுப்பதற்குள் காட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

கால் மணி நேரம் நடந்திருப்பார். நாணல் புதரின் ஓரத்தில் கிடந்தது தென்னங்கன்று! ஒரு ஓலை மட்டும் மடங்கியிருந்தது. பக்கத்தில் ஆவி பறக்கும் யானை லத்தி. ஆவுடையப்பன் நின்றார். தென்னங்குருத்து யானைக்குக் கற்கண்டு மாதிரி. இங்கேயே விட்டுவிட்டால் இருட்டுவதற்குள் அது தின்றுவிடும். யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது. கன்று இல்லையென்றால் நடுவது எங்கே, குருசாமி எங்கே? கணக்கு நேராகிவிடும். குனியாமல் தாண்டிப் போனார்.

சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தில் செண்பகராமன் நின்றிருந்தார். ஒரு கால் பாறை இடுக்கில் மாட்டிக் கணுக்கால் வீங்கியிருந்தது. முகமெல்லாம் ரத்தக் கீறல். தலையில் இருமுடி அப்படியே இருந்தது; இரண்டு கைகளும் அதை விடாமல் பிடித்திருந்தன.

"எவ்வளவு நேரமா சாமி இப்படி நிக்கீங்க? கீழ வச்சா என்ன?"

"இறக்க ஆளில்லையே சாமி."

ஆரியங்காவு வெயில் ஆவுடையப்பன் நினைவுக்கு வந்தது. தான் அரைமணி நேரம் நின்றது வீம்புக்கு. இவன் இவ்வளவு நேரம் நின்றது முறைக்கு. பள்ளத்தில் இறங்கி இரண்டு கைகளாலும் அந்த இருமுடியை வாங்கினார். பிறகு பாறையை நெம்பிக் காலை விடுவித்தார்.

"தென்னங்கன்னப் பாத்தீங்களா சாமி? ரெண்டு கையும் முடியில இருந்துச்சு, அது நழுவிட்டு."

"இல்லை."

செண்பகராமன் தான் ஓடி வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார். "போட்டும். அடுத்த வருஷம் உங்களுக்கும் பதினெட்டு. ரெண்டு பேரும் சேந்தே நட்டுருவோம்."

அவன் திட்டியிருந்தால் தேவலை. ஆவுடையப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தேன்," என்றார். "பாத்துட்டு விட்டுட்டு வந்தேன். வயித்தெரிச்சல். இங்கனயே இருங்க, கொண்டாரேன்."

வந்த வழியே ஓடினார். நாணல் புதருக்கு அந்தப் பக்கம் கறுப்பாய் ஒரு மலை நின்றது. தும்பிக்கை கன்றைத் தேடி நீண்டது. இன்னும் நாலடிதான்! ஆவுடையப்பன் மடியிலிருந்த அழுதாக் கல்லை உருவி, எதிர்ப்பக்க மூங்கில் கூட்டத்தைப் பார்த்து வீசினார். தடதடவென்று சத்தம் எழுந்தது. யானை காதை விரித்து அந்தப் பக்கம் திரும்பியது. அந்த ஒரு மூச்சில் பாய்ந்து, கன்றை வாரிக்கொண்டு, குருட்டு ஓட்டமாக ஓடி வந்து பள்ளத்தில் விழுந்தார். பிளிறல் விலகிப் போகும்வரை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கிடந்தார்கள்.

வனக்காவலர்களோடு இசக்கிராஜா வந்து இருவரையும் மீட்டார். காலில் துணிக்கட்டோடும் கையில் கம்போடும் கரிமலை ஏறினார் செண்பகராமன். தன் இருமுடியோடு கன்றையும் சுமந்தது ஆவுடையப்பன்தான். வழியெல்லாம் கும்பிடு. "பதினெட்டாம் வருஷமா சாமி?" என்று கேட்ட முதல் ஆளுக்கு அவர் பதிலே சொல்லவில்லை, இரண்டாம் ஆளுக்கும் சொல்லவில்லை. சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் ஆளிடம், "எனக்கில்லை. பின்னால கம்பூன்றி வாராரே, அவருக்கு," என்று கை காட்டினார்.

கரிமலை உச்சியில் எல்லாரும் இளைப்பாற நின்றார்கள். வேலாயுதம் கை நீட்டியும் ஆவுடையப்பன் அவரைத் தாண்டிப் போய்ச் செண்பகராமன் முன்னால் தலை குனிந்தார்.

"இறக்குங்க சாமி."

மறுநாள் பதினெட்டுப் படி ஏறி, தரிசனம் முடித்து, கன்றை நட்டார்கள். ஊர் திரும்பியதும் தறிக்கூடத்தில் மாலையும் வரவேற்பும் அமர்க்களப்பட்டன. ஒரு சந்தேகம் மட்டும் ஆவுடையப்பனை அரித்தது. கல்லைக் குன்றில் போடாமல் காட்டில் எறிந்தது குற்றமா?

"எங்க போட்டா என்ன," என்றார் வேலாயுதம். "மடியில இல்லைல்லா?"

பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், ஆவுடையப்பன் பொய் சொல்ல மாட்டார். அடுத்த வருடத்துக்காக இப்போதே ஒரு தென்னங்கன்று வாங்கி வைத்திருக்கிறார். செண்பகராமனுடையதைவிட ஒரு முழம் உயரம்.