பரஸ்தானம் வைத்த பை

செல்போன் அலறியது.

ஜானவி பாய்ந்து எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, திருவனந்தபுரத்துக் கரமனையில் இன்னும் சரியாக விடியவில்லை. இந்த வேளையில் யார்?

"ஜானு... ஓடி வாடீ! மாமா எழுந்துக்கவே மாட்டேங்கறார்! உலுக்கு உலுக்குன்னு உலுக்கறேன்..."

அடுத்த வீட்டு வாலாம்பாள் மாமி!

"உன் பை பக்கத்துலதான்டீ கெடக்கார்!"

மிச்சமிருந்த தூக்கமும் பறந்தது.

கரமனை அக்ரஹாரத்தில் கார் ஓட்டும் பெண்கள் நிறைய உண்டு. விமானம் ஓட்டுகிறவள் ஜானவி ஒருத்திதான். இன்று காலை, நாலு சீட் குட்டி விமானத்தில், தன்னந்தனியாக, மலைத்தொடரை ஒட்டியே கோயம்புத்தூர் வரை பறக்கப் போகிறாள். மூன்று மாதத் திட்டம். மேப், காற்று, மேகம், எரிபொருள்... எல்லாவற்றையும் சலித்து எடுத்துவிட்டாள்.

அடுத்த வீட்டு மாமா விழுவார் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை!

கூடத்துத் தரையில் பிச்சுமணி மாமா மல்லாந்து கிடந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பக்கத்தில் ஜானவியின் ஃப்ளைட் பை. ஜிப் திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்த இஞ்சி மொரப்பா டப்பா மாமாவின் மடியில் இருந்தது. பாதி காலி!

மாமாவின் விரலெல்லாம் சர்க்கரை.

"பத்து வருஷமா சுகர் இந்த மனுஷனுக்கு! காப்பிக்குக்கூட நான் சக்கரை காட்டறதில்லை. திருட்டுத்தனமா தின்னு இப்படி..."

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

* * *

ஆஸ்பத்திரி வராந்தா.

காக்கிச் சட்டையில் ஒரு பெண்மணி ஜானவியை ஓரமாக இழுத்துப் போனாள். இன்ஸ்பெக்டர் எலிசாள். களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ், திருவனந்தபுரத்து மலையாளம், இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவள்.

"பைலட் நீயாக்கும், இல்லியா மோளே?"

"ஆமா மேடம். மாமாவுக்கு சுகர் ஏறிடுத்தா?"

"சுகரா? சுகரு இல்ல கேட்டியா, டாக்டரு சோதிச்சுப் பாத்தாச்சு. தூக்க மருந்து! மொரப்பாக்கு மேல தூவுன சர்க்கரையில பொடிச்சுக் கலந்திருக்கு. இஞ்சிக் காரத்துல கசப்பு தெரியல்ல."

சர்க்கரை படிந்த மாமாவின் விரல்கள் ஜானவிக்கு நினைவு வந்தன.

"அந்த மொரப்பா யாருக்குள்ளது?"

"எனக்கு... மலைக்காத்துல ப்ளேன் குலுங்கும். வயித்தைப் புரட்டும். ஏறறச்சே ரெண்டு போட்டுப்பேன். மலை வந்ததும் இன்னும் ரெண்டு."

"மலைக்கு மேல நீ ஒத்தைக்கு. உறங்கிப் போனா எழுப்ப ஆளு உண்டா?"

இல்லை!

யாரும் இல்லை!

விமானம் பாறையில் மோதும். பைலட்டின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுவார்கள். கொலை என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது.

"எனக்கு வெச்ச குறியா மேடம் இது?"

"பின்னே? ஒரு கிழவனுக்கு வாயி அடங்கல்ல, நீ தப்பிச்ச. மொரப்பா வாங்கினது யாரு?"

"நானே. சாலைக் கடைத்தெருவுல."

"உன் பை அடுத்த வீட்டுக்கு எதுக்குப் போச்சு?"

"பரஸ்தானம்."

"எந்தா?"

"இன்னிக்கு திங்கக்கிழமை. நான் ஏறற நேரம் சரியா ராகுகாலம். மேகம் கட்டறதுக்குள்ள மலையைத் தாண்டணும், அதனால நேரத்தை மாத்த முடியாது. எங்காத்து வழக்கம், முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல பையைக் கொண்டுபோய் அடுத்தாத்துல வெச்சுடுவா. பை புறப்பட்டாச்சுன்னா ஆளும் புறப்பட்டாச்சுன்னு கணக்கு. நேத்து சாயங்காலம் ஸ்ரீநிவாஸ் அண்ணா கொண்டு வெச்சான். என் சொந்த அண்ணா."

"இந்த யாத்திரை பிடிக்காத ஆளு யாராச்சும்?"

ஜானவி தாலிச் சரட்டைத் திருகினாள். இன்ஸ்பெக்டர் விடுவதாயில்லை.

"கெட்டியவன் என்ன சொல்லுகான்?"

"என் புருஷன் அனந்தா? அவனுக்குப் பிடிக்கலை. முந்தாநாள் பெரிய சண்டை. அந்த ப்ளேன்ல ஏறினா என்னை மறந்துடுன்னு கத்தினான். அப்புறம்..."

"ம்?"

"அவன் தூக்க மாத்திரை போடறவன். புது அட்டை வாங்கினான். நேத்து பார்த்தேன்... காலியா இருந்துது."

தாலி கட்டியவன்! ஒரே தட்டில் சாப்பிட்டவன்!

"வழி யாருக்கெல்லாம் தெரியும்?"

"ரெண்டு பேருக்கும். அண்ணாதான் கூடவே உக்காந்து மேப்ல கோடு போட்டான். முந்தாநாள் நான் ஒரு இடத்துல மட்டும் மாத்தினேன். சுத்திப் போகாம முயல்கல் பள்ளத்தாக்கு வழியா. வேண்டாம் ஜானு, அங்க காத்து கீழ இழுக்கும்னு அண்ணா பதறினான். காலம்பற அங்க காத்து சாதுதான், நான் பார்த்துட்டேன். எனக்காகப் பதற அவன் ஒருத்தனாவது இருக்கானே!"

எலிசாள் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தாள்.

"சரி. வெளியில எல்லாருக்கும் சுகரு தான். மாமாவுக்கு இன்னும் போதம் தெளியல்ல, ஐசியூல கிடக்காரு. பையை உனக்குத் திருப்பித் தாறேன். உள்ள அதே கடை மொரப்பா, அதே டப்பா. நல்ல மொரப்பா! நீ ஹேங்கருக்குப் போ. ரெண்டு பேருக்கும் நீட்டு."

"நீட்டினா?"

"விஷயம் தெரிஞ்சவன் வாயைத் தொறக்க மாட்டான்."

* * *

ஃப்ளையிங் கிளப் ஹேங்கர். வெள்ளை விமானம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

அனந்த் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"மாமா ஐசியூல கெடக்கார். இன்னிக்கே போகணுமா ஜானு?"

"சுகர்தானேடா!" ஸ்ரீநிவாஸ் குறுக்கே புகுந்தான். "டாக்டர் பார்த்துப்பார். நீ ஏறு ஜானு. மேகம் வந்துடும்."

இவன்தான் அண்ணன்! ஜானவி பைலட் ஆகப் போகிறேன் என்றபோது அப்பா வீட்டையே இரண்டாக்கினார். 'அவ பறக்கட்டும்' என்று குறுக்கே நின்றவன் ஸ்ரீநிவாஸ் மட்டும்தான். அவள் முதல் முறை தனியாகப் பறந்து இறங்கியபோது அழுதவனும் இவன்தான். இவனிடம் எப்படிச் சொல்வது, உன் மாப்பிள்ளை கொலைகாரன் என்று?

ஜானவி பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்தாள்.

முதலில் புருஷன்.

"அனந்த்... கோபம் எல்லாம் அப்புறம். இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ."

அனந்த் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

"கார்த்தாலேர்ந்து பச்சைத் தண்ணிகூட குடிக்கலை. கொடு!"

இரண்டாக அள்ளினான். வாயில் போட்டான். கடக் முடக்கென்று மென்றான்!

அனந்த் இல்லையா? அப்படியானால்...

டப்பா தானாகவே அண்ணன் பக்கம் திரும்பியது.

"நீயும் எடுத்துக்கோ அண்ணா."

"எனக்கெதுக்கு... பல்வலி."

"சின்ன வயசுல இதுக்காக என் கையைக் கடிச்சவன் நீ. ஒண்ணே ஒண்ணு."

ஸ்ரீநிவாஸ் சிரித்தான். ஒன்றை எடுத்தான். அது வாய்க்குப் போகவில்லை, சட்டைப் பைக்குள் போனது.

"அப்புறமா சாப்பிடறேன்."

இதயத்தில் ஏதோ அறுந்தது. இல்லை... இருக்காது! நிஜமாகவே பல்வலியாக இருக்கலாம்!

ஜானவி ஒரு துண்டை எடுத்தாள். மெதுவாக, மிக மெதுவாக, வாயருகே கொண்டுபோனாள். அண்ணனின் கண்ணையே பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும்.

தட்டிவிடு. பிடுங்கி எறி. 'வேண்டாம் ஜானு' என்று சொல். நீ என்ன செய்திருந்தாலும் மன்னித்துவிடுகிறேன் அண்ணா!

"சாப்பிடு, சாப்பிடு," என்றான் ஸ்ரீநிவாஸ். "காது அடைக்காது. பத்திரமா போய்ட்டு வா!"

மொரப்பா நாக்கில் கரைந்தது. இத்தனை கசப்பான இனிப்பை அவள் தின்றதேயில்லை.

"அண்ணா... இது வேற டப்பா."

"எ... என்ன?"

"இதுல மருந்து இல்லை."

விமானத்தின் வாலுக்குப் பின்னாலிருந்து எலிசாள் வெளியே வந்தாள். கூடவே கான்ஸ்டபிள் லிஜோ.

"சட்டைப் பையில உள்ளதை எடுத்துத் தின்னுங்க சாரே! பயப்படாதீங்க. சாலைக் கடைத்தெருவுல லிஜோ வரிசையில நின்னு வாங்கினதாக்கும்."

ஸ்ரீநிவாஸின் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்தான்.

"பல்லு வலிச்சா குத்தமா மேடம்? பை ராத்திரி முழுக்க மாமாவாத்துல இருந்துது. மாத்திரை போடறவன் அனந்த். அவனை விட்டுட்டு என்னை..."

"மாத்திரையா?" எலிசாளின் புருவம் உயர்ந்தது. "மாத்திரைன்னு ஆரு சொன்னது? ஊருக்கெல்லாம் நாங்க சொன்னது சுகரு அல்லே?"

ஸ்ரீநிவாஸ் ஹேங்கர் வாசலைப் பார்த்தான்.

"நீதானே பரஸ்தானம் வெக்கச் சொன்னே?" ஜானவியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ராகுகாலத்துல கல்யாணம் பண்ணிண்டவன் நீ! ஜாதகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டவன்! மாமி மனசு குளிரத்தான் நீ சொல்றேன்னு நினைச்சேன். என் பையை நான் சும்மா யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். ஒரு ராத்திரி அதை என்கிட்டேர்ந்து பிரிக்கணும். அதுக்குத்தானே?"

"உளறாதே! நான் டப்பாவைத் தொட்டதை யார் பார்த்தா?"

எலிசாளின் செல்போன் ஒலித்தது. கேட்டாள். சிரித்தாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மாமா, எழுந்தாச்சா? மறுபடி ஒண்ணுகூடி சொல்லும்."

பிச்சுமணி மாமாவின் தூக்கக் கலக்கக் குரல் ஹேங்கர் முழுக்கக் கேட்டது.

"நேத்து சாயங்காலம் நான் கதவுக்குப் பின்னாடி நின்னுண்டிருந்தேன் இன்ஸ்பெக்டரம்மா. இவன் எப்போ போவான், வாலாம்பாள் எப்போ தூங்குவா, நான் எப்போ எடுப்பேன்னு! ஸ்ரீநிவாஸ் பையைத் தொறந்தான். இருந்த டப்பாவை எடுத்து ஜேபியில போட்டுண்டான். வேற டப்பா வெச்சான். தங்கைக்குப் புதுசா வாங்கி வெக்கறான், என்ன பாசம்னு கண்ணுல ஜலமே வந்துடுத்து!"

லிஜோ ஸ்ரீநிவாஸின் தோளில் கை வைத்தான்.

"நான் கோட்டை மாத்தினதும் பதறினியே, அந்தப் பள்ளத்தாக்குல என்னண்ணா இருக்கு?" ஜானவி கேட்டாள். "நான் பார்க்கக் கூடாதது அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"முயல்கல் மலை இருக்கணுமே. மேப்ல இருக்கே!"

"அதான் இல்லை." ஸ்ரீநிவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "பர்மிட் இல்லாம வெடி வெச்சு எடுத்து, கல்லா வித்தாச்சு. அந்த மலை என் எஸ்டேட்டுக்குள்ள, கேட்டைத் தாண்டி யாரும் உள்ள வர முடியாது. மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும். நான் போட்ட கோட்டுல நீ போயிருந்தா... உன்னை நான்... நீ ஏன் ஜானு கோட்டை மாத்தினே?"

பழி அவள் மேல்! ஒரு மலையைக் காணாமலடித்தவன், அதை மறைக்கத் தங்கையையும் காணாமலடிக்கத் துணிந்தவன், கோட்டை ஏன் மாற்றினாய் என்று கேட்கிறான்!

ஜானவி அழுதாள். அப்பா அடித்த நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. அன்று அண்ணன் இருந்தான்.

லிஜோ ஸ்ரீநிவாஸை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அனந்த் பக்கத்தில் வந்தான்.

"எனக்குத்தான் முதல்ல நீட்டினே, இல்லை?"

அவள் டப்பாவை இறுக்கி மூடினாள்.

"மாத்திரை எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஜானு. நீ பறக்கறேன்னாலே எனக்குத் தூக்கம் வராது. அதுக்குத்தான். அட்டையில இருந்த மாத்திரையெல்லாம் காணாமப் போய் நேத்து ராத்திரி பூரா முழிச்சுண்டிருந்தேன்."

"தப்புதான் அனந்த். பெரிய தப்பு."

"சரி விடு. நிஜமாவே இன்னிக்குப் பறக்கப் போறியா?"

ஜானவி தன் விரல்களை நீட்டிப் பார்த்தாள். நடுங்கின.

"கை நடுங்கறச்சே ஏறக் கூடாது. நாளைக்கோ, நாளன்னிக்கோ... ஆனா முயல்கல் வழியாத்தான்."

"போறச்சே நாலு போட்டோ எடுத்துத் தா மோளே," என்றாள் எலிசாள். "மலையைக் காணல்லன்னு எஃப்.ஐ.ஆர். போடுகது எனக்கு இதாக்கும் முதல் தடவை."

"இன்ஸ்பெக்டரம்மா!" ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது! "லைன்ல இருக்கேளா? கோர்ட்டுக்கு வரேன், கூண்டுல ஏறி சாட்சி சொல்றேன். ஒரே ஒரு உபகாரம்... மயக்கத்துல விழுந்தது சுகராலன்னே இருக்கட்டும். அரை டப்பா தின்னதை மட்டும் எங்காத்துல வாலாம்பாள்கிட்ட..."

"இங்கதான் நிக்கறேன்!" போனில், மாமாவுக்குப் பின்னாலிருந்து மாமியின் கர்ஜனை கேட்டது. "எல்லாத்தையும் கேட்டுண்டுதான் நிக்கறேன்!"

எலிசாள் வயர்லெஸ்ஸைப் பாய்ந்து எடுத்தாள்.

"ஐசியூ வாசலுக்கு உடனே ரெண்டு போலீஸை அனுப்பு! சாட்சியோட உயிருக்கு இப்பத்தான் நெஜமான ஆபத்து!"