ஒரு பேச்சுக்கு

தலைமையாசிரியை எமல்டா மேசைக்குப் பின்னால் இருந்தார். கதவோரத்து நாற்காலியில் இசக்கியம்மாள்; காற்றாலை இறக்கை கழுவும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவள் மகள் பூரணி, எட்டாம் வகுப்பு, இருவருக்கும் நடுவே முக்காலியில். அதிகாரிக்குப் போட்ட மெத்தை நாற்காலியில் பங்கறி இருந்தது.

பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணில் பள்ளிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பேச்சைக் கேட்டே பிரித்துவிடும் கருவி அது. பள்ளியின் பங்கு மிகுந்தால் வீடு போதாது என்று பொருள். பிள்ளையை விடுதிக்கு எடுத்துக்கொள்வார்கள். வீட்டின் பங்கு மிகுந்தால் பள்ளி வீண். மானியம் நிற்கும், பள்ளியை மூடிவிடுவார்கள். கணக்கில் எப்போதும் தவறும் பூரணி இந்த முறை தொண்ணூறு வாங்கியதால் வந்த வினை. முடிவு தெரியும்வரை அறைக் கதவு திறக்காது.

"எல்லாம் டீச்சர் புண்ணியம்" என்று இசக்கியம்மாள் வழக்கம்போல் மரியாதைக்குத் தொடங்கினாள். பங்கறியின் பள்ளி விளக்கு எரிந்தது. பூரணி அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"நான் என்னம்மா செஞ்சேன்? வீட்டுல நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்ட" என்றார் எமல்டா.

வீட்டு விளக்கு எரிந்தது. எமல்டா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் எங்க பாத்தேன்? புஸ்தகத்தத் தொறந்தாலே எனக்குத் தூக்கம் வந்துரும், டீச்சர்."

"எனக்கு மட்டும் வராதாக்கும்."

விளக்குகள் மாறி மாறி எரிந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்:

"அவளே தானாப் படிச்சா."

இரண்டு விளக்கும் அணைந்தன. இசக்கியம்மாள் மூச்சு விட்டாள்.

"தற்பங்கு நூறு" என்றது பங்கறி. "பள்ளி தேவைப்படவில்லை, மானியம் நிறுத்தப்படும். வீடு தேவைப்படவில்லை, மாணவி தற்கல்வியகத்தில் தனியறைக்கு மாற்றப்படுவார்."

"யய்யா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றாள் இசக்கியம்மாள்.

"பேச்சைத்தான் நான் அளக்கிறேன்."

முடிவு அச்சான கடிதமும் உறையும் பங்கறியிலிருந்து வெளியே வந்தன. எமல்டா கையை நீட்டினார்.

"பொறுப்புள்ளவரே ஒட்ட வேண்டும். மாணவி" என்றது பங்கறி.

"ஒட்டாட்டி?" என்று கேட்டாள் பூரணி.

"கதவு திறக்காது."

பூரணி கடிதத்தை உறைக்குள் வைத்து, வாயை மடித்து ஒட்டினாள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

"ஓரத்த நல்லா அமுக்குட்டி" என்றாள் இசக்கியம்மாள், தன்னையறியாமல்.

"நடுவுல இருந்து வெளிய தேய்ச்சுக் கொண்டா" என்றார் எமல்டா.

பூரணி இரண்டையும் செய்தாள். மூலை படிந்தது. பங்கறியில் எந்த விளக்கும் எரியவில்லை. அவள் உறையைச் சுவரிலிருந்த அஞ்சல் குழாயில் போட்டாள், கதவு திறந்தது.