மீட்டர் மேல் வைத்த பொட்டு

பிரபாவின் தலைமுடி மூன்று வாரமாகச் சிக்குப் பிடித்துக் கிடந்தது. கழுத்தைச் சுற்றிக் காலர் பட்டை. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மாமியார் வசந்தா உச்சியிலிருந்து சீப்பைப் போட்டு இழுப்பாள். சீப்பு பாதியில் நின்றுவிடும், பிரபா வலியில் துடித்துப் போவாள். அன்று காலையும் அப்படித்தான் நடந்தது.

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் பூங்கொடி. அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள்.

"குடுங்க அத்தே... நான் வாரி வுடறேன். நுனிலேர்ந்து மெல்ல மெல்ல வாருனாத்தான் சிக்கு வுடும்."

கழுத்தைத் திருப்ப முடியாத பிரபா, உடம்போடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேணாம் அத்தே. அவங்க கை எம்மேல படவே வேணாம்!"

"கேட்டுகினியா?" என்றாள் வசந்தா. "இன்னும் இன்னா மரமாட்டம் நின்னுகினு கீற? அவ கழுத்த ஒடச்சது போதாதா? பத்து மணிக்கு உன் அண்ணன் வராரு. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன் அத்தே."

"ஊரப்பாக்கத்துல அவரு வூட்லயே கொஞ்ச நாளு இரு. இவ மனசு ஆறட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது மூவருக்குமே தெரியும். பதினாறு வருடம் உழைத்த வீட்டை விட்டு ஒரு பெண்ணை அனுப்புவதற்கு 'கொஞ்ச நாள்' என்பதுதான் கௌரவமான பெயர். பூங்கொடி உள்ளே திரும்பினாள். திரும்பும்போது இடது விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை... பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது!

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கொழுந்தன் மோகன் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். "அண்ணி, அண்ணி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன். அவள் கணவன் தீனதயாளன் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டினான். மாமல்லபுரத்துக்குச் சவாரி இல்லாத நாட்களில் மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வேனையே பள்ளிக்கூட வேனாக்கி அவள் ஓட்டினாள். மோகனின் படிப்பு, அவன் கல்யாணம், எல்லாம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் நடந்தது. ஒன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

பிரபாவும் வந்த நாளிலிருந்து அவளிடம் ஒட்டிக்கொண்டவள்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் அவள் இட்லியை விழுங்கிக்கொண்டிருக்கும்போதே பூங்கொடி பின்னால் நின்று பின்னிவிடுவாள். கூடப் பிறந்தவர்கள் என்றே தெருவில் நினைத்தார்கள்.

எல்லாம் அந்தப் பெரிய கார் வரும் வரைக்கும்தான்.

ஏழு பேர் உட்காரும் கார். பழைய கார் விற்கும், தனக்குத் தெரிந்த யார்டில் மோகன் பார்த்து எடுத்தான். பழைய வண்டிதான், ஆனால் பார்க்கப் புதிது போல் இருந்தது. வீட்டு வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். வசந்தா சந்தனத்தைக் குழைத்து முன் கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. பூங்கொடி மட்டும் எட்ட நின்றாள். தாலி அறுத்தவள் சந்தனக் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

மறுநாள் பூங்கொடி காரை எடுத்தபோது, மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவும் அவன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்து இருப்பது போலவும் படம்.

"மோகன், இது இன்னாப்பா அணையவே மாட்டேங்குது?"

"அது சும்மா சென்சாரு அண்ணி. காட்டிக்கினேதான் இருக்கும். ஒண்ணியும் இல்ல."

அவன் சொன்னால் அவளுக்குச் சரிதான். அடுத்த முறை வண்டியை எடுத்தபோது அந்த விளக்கு கண்ணில் படவில்லை. அது இருந்த இடத்தில், மீட்டர் கண்ணாடி மேல், தடிப்பாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

மூன்று வாரத்துக்கு முன் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். வசந்தா முதல் நாளே போய்விட்டாள். மோகனுக்கு ஷிப்டு. கிளம்பியது பூங்கொடியும் பிரபாவும்தான். "நான் என் வேனையே எடுத்துகினு போறேன்" என்றாள் பூங்கொடி. "நம்ம கார் இருக்க சொல்ல வேன்ல எதுக்கு அண்ணி?" என்றான் மோகன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், மாடு குறுக்கே வந்து முன்னால் போன லாரி நின்றது. பூங்கொடியும் நிறுத்திவிட்டாள், நான்கு முழ இடைவெளி விட்டு. பின்னால் வந்த லோடு வேன் நிறுத்தவில்லை. அது இடித்த வேகத்தில் கார் போய் லாரிக்குள் சொருகியது.

"அந்தம்மா சடன் பிரேக் அடிச்சிடுச்சி" என்றான் லோடு வேன்காரன். அந்த ஒரு வார்த்தையை ஊரே எடுத்துக்கொண்டது. "அவ கை ராசி அப்டி" என்று வசந்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். வேறு ஆள் ஓட்டினால்தான் பிள்ளைகளை ஏற்றுவோம் என்றது பள்ளிக்கூடம்; அவள் வேனின் சாவி வேறு டிரைவர் கைக்குப் போயிற்று. பூங்கொடி சமையலறையோடு நின்றுகொண்டாள்.

ஒன்பதரை மணிக்கு வாசலில் ஒரு டூ வீலர் வந்து நின்றது. அண்ணன்தான் வந்துவிட்டாரோ என்று பையைத் தூக்கினாள் பூங்கொடி. வந்தவன் மெக்கானிக் ஸ்டான்லி. தீனதயாளன் காலத்திலிருந்து அவர்கள் வேனைப் பார்ப்பவன். நொறுங்கிய காரும் அவன் ஷெட்டில்தான் கிடந்தது. வண்டியின் பின்னால் ஒரு சாக்குமூட்டை கட்டியிருந்தான்.

பூங்கொடி பையை வாசலோரம் வைத்துவிட்டு அவனிடம் போனாள்.

"ஸ்டான்லி... நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்? போயிடுப்பா. இப்ப வேணாம்."

"சொன்னக்கா. நானும் பொத்திகினுதான் இருந்தேன். ஆனா நேத்து எம்பொண்ணு சிநேகா, 'பூங்கொடி ஆன்ட்டி ஏம்ப்பா இனிமே வேன் ஓட்ட மாட்டாங்களாம்'னு கேக்குது. அதுக்கு இன்னா பதிலு சொல்றது? அஞ்சு வருசமா எம்புள்ளைய உன் கையில குடுத்துகினு கீறேன்க்கா!"

அதற்குள் வசந்தா வெளியே வந்துவிட்டாள். பிரபாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாடியிலிருந்து இறங்கிய மோகன் சாக்கைப் பார்த்ததும் படியிலேயே நின்றான்.

ஸ்டான்லி சாக்கைப் பிரித்தான். முதலில் ஸ்டியரிங்கை எடுத்து வைத்தான். மேல் பாதி உள்ளே வளைந்திருந்தது. நடுவிலிருந்த மூடியை நெம்பி, உள்ளிருந்து அழுக்குத் துணியை உருவிப் போட்டான்.

"ஏர்பேக் இருக்க வேண்டிய எடத்துல இதான் கீது. இந்தக் காரு முன்னாடியே எங்கியோ அடிபட்ட காரு. அப்பவே ஏர்பேக் வெடிச்சி பூட்ச்சி. புதுசு மாட்டாம துணிய அடச்சி மூடி வித்துட்டானுங்க."

அடுத்து, சீட்டின் தலை சாயும் மெத்தையை எடுத்தான்.

"இது தங்கச்சி ஒக்காந்திருந்த சீட்டு. பின்னாடி எவனாச்சும் இடிச்சா, இது தானா முன்னாடி வந்து தலைய தாங்கிக்கணும். அதுக்குதான் உள்ள ஸ்பிரிங்கு. பாரு... பைண்டிங் கம்பி போட்டு இஸ்த்துக் கட்டி வெச்சிருக்கானுங்க. எப்டி வரும்? தல பின்னாடி போச்சி, கழுத்து பூட்ச்சி."

பிரபா அந்தக் கம்பியையே பார்த்தாள். அவளுடைய இடது கை தானாகக் காலர் பட்டைக்குப் போயிற்று.

"அப்போ... அக்கா சடன் பிரேக் அடிக்கலயா?"

"அக்கா பிரேக் அடிச்சி நின்னப்பறந்தான் லோடு வேன்காரன் வந்து இடிச்சிருக்கான் தங்கச்சி. ரோட்டுல டயரு தேஞ்ச அச்ச நானே போயி பாத்தேன்."

"இதெல்லாம் உள்ள இருக்கறது," என்றாள் வசந்தா. "மோகன் இன்னாத்த கண்டான்? ஏமாத்துனவன் வேற எவனோ..."

ஸ்டான்லி கடைசியாக மீட்டரை எடுத்துத் தரையில் வைத்தான். கண்ணாடியின் ஓரத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். வெள்ளிக்கு வெள்ளி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, காசு கனத்துக்கு ஏறியிருந்தது.

"ஏர்பேக் இல்லன்னா இங்க செவப்பு லைட்டு எரியும்மா. வண்டிய ஆன் பண்ணுனா, இந்தப் பொட்டுக்கு அடியில அது எரிஞ்சிகினே இருந்துச்சி."

வசந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வெச்ச பொட்டு... எங்கையால வெச்ச பொட்டு! ஐயோ, நான் முன் கண்ணாடில நடுவுல தான்டா வெச்சிகினு இருந்தேன். மோகன்தான், 'அம்மா இங்க வெய்யி, இந்த மூலைல வெய்யி, தொடைக்காத'ன்னு... டேய் மோகன்! வாயத் தொறடா!"

மோகன் படியிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"லைட்ட பத்தி தெரியும்மா. துணி, கம்பி இதெல்லாம் சத்தியமா தெரியாது. யார்டுல 'ஒயரு லூசு, ஓட்டலாம்'னான். நீங்கல்லாம் வண்டிய பாத்து அவ்ளோ சந்தோசப்பட்டீங்க... அண்ணி அது இன்னான்னு கேட்டுட்டாங்க. பிரபாவும் கேப்பாளோன்னு பயந்துகினுதான்... அப்பறம் மறந்தே பூட்டேன்."

"எனக்கு அடிபட்ட அப்பறம்?" பிரபாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப ஞாபகம் வரலயா? இருபத்தோரு நாளு எம் பக்கத்துல ஒக்காந்து, அக்காவ நான் திட்ட சொல்ல கேட்டுகினு இருந்தியே... அப்ப?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?" என்று பூங்கொடியைக் கேட்டாள் பிரபா.

ஸ்டான்லிதான் சொன்னான்.

"நாலாம் நாளு. உன் ஆபீஸ் பைய எடுக்க ஷெட்டுக்கு வந்தாங்க. நான் எல்லாத்தையும் காட்டுனேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சிகினாங்க."

"ஏன்க்கா? ஏன்?"

"உன் கழுத்துல ஆபரேசனாம்னு சொல்லிகினு இருந்தாங்க பிரபா," என்றாள் பூங்கொடி மெதுவாக. "அந்த நேரத்துல நீ ஒருத்தர் கையத்தான் புடிச்சிகினு இருந்த. அந்தக் கைய எப்டி நான் தட்டி வுடறது? லைட்ட பத்தி நான் கேட்டதும் அவனும் என் கால்ல வுயுந்து, 'அவ என்ன வுட்டு பூடுவா அண்ணி'ன்னு அழுதான். ஏழாங்கிளாஸ் புள்ளையா என் முந்தானைய புடிச்சவன்... எனக்கு மனசு வரல. எம்மேல தானே கோவப்படற, பட்டுக்கோன்னு இருந்துட்டேன்."

"அதோட வுட்டாங்களா?" ஸ்டான்லி வளைந்த ஸ்டியரிங்கைத் தூக்கிக் காட்டினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "எல்லாரும் தங்கச்சி கழுத்த பாத்தீங்க. நாயந்தான். ஆனா இந்த ஸ்டியரிங்கு காத்துல வளையலம்மா. இது எது மேல வளஞ்சிதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

வசந்தா மெல்ல எழுந்து மருமகளிடம் வந்தாள். விலாவை அழுத்தியிருந்த கையை விலக்கினாள். ரவிக்கைக்குக் கீழே, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றிய கட்டு கைக்குத் தட்டுப்பட்டது.

"எத்தன எலும்புடி?"

"ரெண்டு, விரிசல்தான் அத்தே. தானா கூடிடும்னு டாக்டர் சொன்னாரு."

"இதோட எனக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டியா... குனிஞ்சி குனிஞ்சி வூடு பெருக்குனியா... உன் கை ராசின்னு சொன்ன என் வாயி அழுவ! எம்பொட்டுதான்டி உங்க ரெண்டு பேரையும் கொல்லப் பாத்துது!"

"இல்ல அத்தே." பூங்கொடி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் வெச்சீங்க. மறைச்சது நீங்க இல்ல."

வசந்தா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள், கட்டு நோகக் கூடாதென்று கைகளை மட்டும் தோளில் வைத்து. பிறகு கீழே உட்கார்ந்து முந்தானையை நனைத்து, மீட்டர் மேலிருந்த சந்தனத்தைத் துடைத்தாள். எளிதில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். வாசலோரம் இருந்த துணிப்பையை எடுத்து உள்ளறைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

பிரபா கணவனைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல ஸ்கூலுக்குப் போ. ஸ்டான்லி அண்ணன் கூட போயி, நடந்தத உன் வாயால சொல்லு. அக்கா வேன் சாவிய வாங்கிகினு வா. அந்த யார்டு மேல போலீஸ்ல எழுதிக் குடு. நாம பேச வேண்டியத அப்பறம் பேசலாம். இப்ப என்னால முடியாது."

மோகன் எழுந்து அண்ணியின் காலருகே குனிந்தான். அவள் பின்வாங்கிக்கொண்டாள்.

"ஒரு வாட்டி வுயுந்தது போதும்பா. போயி சொல்லிட்டு வா."

டூ வீலர் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது. பிரபா உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது கையை நீட்டி, காலையில் மாமியார் விட்டுப்போன சீப்பைத் தேடி எடுத்தாள். அதைப் பிடித்தபடி தேம்பினாள்.

"என்ன மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலக்கா..."

"கேக்காத. திரும்பி ஒக்காரு."

பூங்கொடி பின்னால் நின்று நுனியைப் பிடித்தாள். கையை உயர்த்தியபோது விலாவில் சுரீரென்றது, மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்த மூச்சு பிரபாவுக்குக் கேட்டுவிட்டது.

"மெதுவாக்கா... உனக்கும் வலிக்குது, எனக்கும் வலிக்குது. இன்னிக்கி முழுக்க ஆனாலும் பரவால்ல."

"ஆவட்டும்" என்றாள் பூங்கொடி. முதல் சிக்கு விட்டது.