வாப்பாவுக்கு ஒரு ஊதாச் சிரிப்பு

வாப்பா துபாய்க்குப் போனபோது நஃபீஸத்துக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. தம்பி இர்ஷாதுக்குப் பல்லே முளைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, வாப்பா தன் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டில் இப்படிச் சொல்லியிருந்தார்: "பிள்ளைகளுக்கு முளைச்ச பல்லை நான் இன்னும் பாக்கலியே. சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

அன்றிலிருந்து நஃபீஸத் டீயைத் தொடவில்லை. அது பல்லில் கறை ஏற்றும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பல் சுத்தமாக வேண்டும் என்று கொய்யாக்காயைக் கடித்தாள், வெள்ளரிக்காயை மென்றாள்.

"நான் பெத்தது பிள்ளையா, வெள்ளாடா?" என்றாள் உம்மா.

நஃபீஸத்துக்கு ஒரு கனவு வந்தது. அவள் சிரிக்கிறாள். பற்களெல்லாம் வெள்ளைக் கொக்குகளாக எழும்பி, தாமிரபரணி மேல் பறந்து, கடல் தாண்டி, வாப்பாவின் ஜன்னலில் வரிசையாக உட்காருகின்றன.

போட்டோ எடுக்கப் போன அன்று அம்பாசமுத்திரத்தில் பூப்போலச் சாரல் விழுந்தது. ஸ்டூடியோ வாசலில் உம்மா நாவல்பழம் வாங்கி, பையை இர்ஷாத் கையில் கொடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

"எங்க, ரெண்டு பேரும் சிரிங்க பாப்போம்," என்றார் போட்டோ எடுக்கும் தளவாய் அண்ணாச்சி.

இர்ஷாத் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"ஏம்ல, பல்லு வலிக்கா?"

நஃபீஸத் குனிந்து பார்த்தாள். தம்பி மெல்ல வாயைத் திறந்தான். பல், நாக்கு, உதடு எல்லாம் ஒரே ஊதா.

"லாத்தா, எனக்குப் பல்லே கறுப்புன்னு வாப்பா நெனப்பாங்கல்லா?" அக்காவிடம் கேட்கும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது.

உம்மா முந்தானையால் துடைத்தாள். முந்தானைதான் ஊதாவாயிற்று.

"இன்னொரு நாள் வாங்களேன்," என்றார் அண்ணாச்சி.

"எங்க காக்கா நாளன்னைக்குத் துபாய்க்குப் பொறப்படுதாங்க. அவங்க கையில குடுத்துவிடணும்," என்று தன் அண்ணனின் பயணத்தைச் சொன்னாள் உம்மா.

"அப்பம் தம்பிய விட்டுட்டு பாப்பாவ மட்டும் எடுத்துருவமா?"

நஃபீஸத் வாப்பாவின் ஜன்னலை நினைத்துப் பார்த்தாள். கொக்குகள் ஒரு பக்கம் மட்டும் இருந்தன. மறுபக்கம் வெறிச்சென்று கிடந்தது.

அவள் பையில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று.

"ஏ புள்ள, வெள்ளரிக்காயா மென்னு தீத்தது இதுக்குத்தானா?" என்றாள் உம்மா.

நஃபீஸத் தம்பியிடம் நாக்கை நீட்டினாள். "பாத்தியா? என் நாக்குதான் ரொம்பக் கறுப்பு."

"இல்ல, என் நாக்குதான்." இர்ஷாத் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அடுத்த கேசட் வந்தது. எடுத்தவுடன் வாப்பாவின் சிரிப்புதான் கேட்டது. வெகுநேரம் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் பல்லு நல்ல வரிசையா முளைச்சிருக்கு," என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஊர்ல சாரல் விழுந்துட்டு போலயே. நாவல்பழமும் வந்துட்டு. போட்டோவப் பாக்கப் பாக்க எனக்கு இங்கன நாக்கு ஊறுது."

இர்ஷாத் ஓடிப் போய் டேப் ரெக்கார்டர் முன்னால் நின்றான்.

"இப்பம் பாருங்க வாப்பா, வெள்ளையாயிட்டு," என்று வாயை அகலத் திறந்து காட்டினான்.