முதலில் பீஸ்... பிறகு நாடி!

"ஐயோ...!"

போடிநாயக்கனூர் கடைவீதியில் ஏலக்காய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கோணி ஊசியை அப்படியே நிறுத்தினார்கள்.

அலறியது டாக்டர் ஜெபமணியின் மனைவி ஜெயபாக்கியம். காரணம்... ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த ஒரு பிணம்!

அந்த வராந்தாவுக்குப் பிணம் புதிதல்ல. மலையிலிருந்து டோலியில் தூக்கி வரப்படும் எஸ்டேட் கூலிகள் மாதத்துக்கு ஒருவராவது அங்கே உயிரை விடுவது வழக்கம். அதற்கெல்லாம் ஜெயபாக்கியம் அலறியதில்லை. பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்வாள், அவ்வளவுதான்.

இன்றைக்கும் கம்பளி போர்த்திக் கிடந்த உருவத்தைப் பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன தரித்திரம், தூக்கிப் போடு என்றுதான் கம்பவுண்டர் சின்னமுத்துவிடம் சிடுசிடுத்தாள்.

தூக்கினார்கள். கம்பளி விலகியது.

உள்ளே... டாக்டர் ஜெபமணி, எம்.பி.பி.எஸ்.!

பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. கோட்டுப் பையில் பர்ஸைக் காணோம்.

சப்-இன்ஸ்பெக்டர் சுருளிவேல் ஒரு கான்ஸ்டபிளோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசல் போர்டுதான் அவரை முதலில் வரவேற்றது.

'முதலில் பீஸ். பிறகு நாடி. கடன் இல்லை.'

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். நானும் முயன்று பார்த்தேன்... வரவில்லை.

மூன்று ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு இவர்தான் டாக்டர். காகிதத்தில்! கூலிகளுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டது. முதலாளிகள் மாதாமாதம் இவருக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். இவரும் மாதாமாதம் வாங்கிக்கொண்டார். மலை ஏற வேண்டும் என்ற அநாகரிகமான பேச்சை இரு தரப்பும் எடுத்ததே இல்லை.

"எங்கப்பா நஞ்சைய வித்து என்னைப் படிக்க வச்சார். அதை நான் திருப்பி எடுக்க வேண்டாமா?" என்று கிளப்பில் சீட்டாட்டத்துக்கு நடுவே கேட்பார். ஏலக்காய் வியாபாரிகள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஒரு வியாபாரியின் கஷ்டம் இன்னொரு வியாபாரிக்குத்தானே தெரியும்!

அப்படிப்பட்டவர் இன்று அதிசயமாக மலை ஏறியிருந்தார். எஸ்டேட் முதலாளியின் மாமியாருக்கு வாயுத் தொல்லை. அது உயர்ந்த வாயு... உடனே போகவேண்டியிருந்தது.

போனவர் பிணமாகத் திரும்பியிருக்கிறார்.

மலையில் யாராவது விரோதி உண்டா என்று சுருளிவேல் விசாரித்தார்.

"ஒருத்தன் இருக்கான் ஐயா," என்றான் சின்னமுத்து. "டோலி தூக்குற சோலைமலை."

போன மாதம் சோலைமலையின் மனைவி சந்திரவல்லி பிரசவ ஜன்னியோடு இதே வராந்தாவில் கிடந்தாள். பீஸ் புரட்டிக்கொண்டு அவன் வருவதற்குள் போய்விட்டாள். 'ஒரு நா நீ மலைக்கு வராமயா போயிருவ' என்று அன்றைக்கு அவன் கடைவீதியில் நின்று கத்தியதை ஊரே கேட்டது.

ஆளைத் தேடவேண்டிய சிரமம்கூட வைக்கவில்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒருவன் கேட்டுக்குள் ஓடி வந்தான்.

சோலைமலை!

வலது கையைப் பொத்திப் பிடித்திருந்தான். கான்ஸ்டபிள் விரல்களைப் பிரித்தார். உள்ளே கசங்கிய பத்து ரூபாய் நோட்டு!

அழுதுகொண்டிருந்த ஜெயபாக்கியம் அழுகையை நிறுத்திவிட்டு நோட்டை உற்றுப் பார்த்தாள்.

கம்பளி யாருடையது என்று கேட்டார் சுருளிவேல். தன்னுடையதுதான் என்றான் சோலைமலை. விலங்கு விழுந்தது. கொலையோடு கொள்ளை... தூக்குக் கயிறு நிச்சயம். மலைக் கிராமமான குரங்கணியில் ஒரு கூரைக்குக் கீழே அவனுடைய கைக்குழந்தை பக்கத்து வீட்டுக்காரியின் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. தாய் போயாகிவிட்டது. இப்போது தகப்பனும்...

"ஏண்டா கொன்ன?"

"கொல்லலங்க ஐயா. தூக்கியாந்தேன்."

மாமியாரின் வாயுவை இறக்கிவிட்டு டாக்டர் கிளம்பியபோது, டோலிக்கூலி பகல் கொள்ளையாக இருக்கிறது என்று பேரம் பேசியிருக்கிறார். படியவில்லை. பூட்ஸ் காலோடு நடந்தே இறங்கியிருக்கிறார். சாரல் வேறு. குரங்கணிக்கு மேலே ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது. பின்னால் வெறும் டோலியோடு வந்த சோலைமலையும் அவன் கூட்டாளியும் அவரைத் தூக்கிப் போட்டு, நனையாமல் தலையோடு கம்பளியை மூடி, போடிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் தகவல் சொல்லக் கூட்டாளி திரும்பிப் போய்விட்டான்.

"ஒம் பொண்டாட்டியச் சாக விட்டவர நீ தூக்கியாந்தியாக்கும்? எவன்டா நம்புவான்?"

"விழுந்து கெடக்குறவனப் பாத்துட்டுப் பேசாமப் போறதுக்கு நான் என்ன டாக்டருக்கா படிச்சிருக்கேன்?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, எஸ்.ஐ. முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப இந்தப் பணம்?"

"கம்பவுண்டரு பீஸ் கேட்டாரு. கம்பளிக்குள்ள கெடக்குறதே டாக்டருதாங்கன்னேன். சிரிச்சாரு. ஏலக்காய்க் கடையில கால்ல விழுந்து கடன் வாங்கியாந்தேன்."

சுருளிவேலுக்குத் தலை சுற்றியது. டாக்டரின் உயிரைக் காப்பாற்ற... டாக்டருடைய ஆஸ்பத்திரியிலேயே பீஸ் கட்ட... டாக்டரை வெறுத்தவன் கடன் வாங்கியிருக்கிறான்!

சின்னமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அவன் அசரவில்லை. மலைக்காரர்கள் டோலியை இறக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஏதாவது சொல்வார்களாம். முதலாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பார்களாம், ஜமீனுக்கு மருமகன் என்பார்களாம். அதனால் பீஸ் மேஜைக்கு வருகிறவரை கம்பளியைத் தூக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும்... இரக்கம் வந்தால் பீஸ் போய்விடும்!

"ரூலுங்க ஐயா. நான் மொகத்தப் பாக்கவே இல்ல."

அவன் பார்த்திருந்தால் ஒரு கட்டுப் போட்டு, ஷெட்டில் சும்மா நின்ற டாக்டரின் காரிலேயே மதுரைக்கு அனுப்பியிருக்கலாம். பார்க்கவில்லை. தான் போட்ட சட்டத்துக்குத் தானே முதல் மரியாதை செய்துவிட்டுப் போய்விட்டார் ஜெபமணி.

ஆனால் இதற்கெல்லாம் சாட்சி?

வராந்தா மூலையில் ஒரு பெண் வீங்கிய கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிலமலை கிராமத்து மொக்கம்மாள். பல்வலி. மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறாள்.

டோலி வந்ததைப் பார்த்தாளா என்று சுருளிவேல் கேட்டார்.

"பாத்தேன் சாமி. வந்தப்ப உசுரு இருந்துச்சு. மொனகுனாரு. டாக்டருதான்னு இந்தத் தம்பி தலப்பாடா அடிச்சுக்கிட்டான். பீஸ் பொரட்டத்தான் ஓடுனான்."

சுருளிவேல் நிம்மதியாக மூச்சு விட்டார். சோலைமலையின் விலங்கைக் கழற்றச் சொல்லி சைகை காட்டினார். மலையில் நடந்தது விபத்து. கேஸ் முடிந்தது!

"ஆனா..." என்று இழுத்தாள் மொக்கம்மாள். "கம்பவுண்டரு பாக்கலன்னு சொல்றது பொய்யி. இந்தத் தம்பி போன பொறவு கம்பளியத் தூக்கிப் பாத்தாரு. நல்லாப் பாத்துட்டுத்தான் மூடுனாரு."

சின்னமுத்து மேஜை மேல் இருந்த மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிப் பூட்டினான். சாவியை ஜெயபாக்கியத்தின் முன்னால் வைத்தான்.

"பாத்தேங்க. அவரும் கண்ணத் தெறந்து என்னையப் பாத்தாரு. 'பீஸ்?'னு கேட்டேன். கோட்டுப் பையத் தடவுனாரு. பர்ஸ் ஓடையோட போயிருச்சு போல. வராந்தாவுல இருங்க, பணம் வந்தா பாப்போம்னு மூடிட்டேன்."

"அடப்பாவி... ஏன்யா?" என்றார் சுருளிவேல்.

"எம் மக முனியாயி டைபாய்டு காய்ச்சல்ல கெடந்தாங்க. மருந்து இந்த அலமாரியிலதான் இருந்துச்சு. சாவி எங்கிட்டதான். சம்பளத்துல பிடிச்சுக்கங்கன்னு கெஞ்சுனேன். வராந்தாவுல இரு, பணம் வந்தா பாப்போம்னாரு. ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான்னாரு. எம் புள்ள போயிருச்சு. பூட்டத் தெறக்க அன்னைக்கு எனக்குத் துணிச்சல் வரல. அதுக்குத்தாங்க என்னைய நானே தெனமும் கொல்லணும்னு இருக்கு. அவரப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

சுருளிவேலுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வரவில்லையே என்றுதான் கோபமாக இருந்தது. சோலைமலையிடமிருந்து கழற்றிய விலங்கைச் சின்னமுத்துவின் கையில் மாட்டினார்.

குழந்தை பசியாக இருக்கும், வெரசா மலை ஏறணும் என்று சோலைமலை கிளம்பினான். பத்து ரூபாயை அவனிடமே கொடுக்கச் சொன்னார் சுருளிவேல்.

ஜெயபாக்கியம் மூக்கைச் சிந்திக்கொண்டே குறுக்கே வந்தாள்.

"அது பீஸ் பணம்தான இன்ஸ்பெக்டர்? நியாயப்படி எங்களுக்குத்தான சேரணும்?"

கான்ஸ்டபிள் நோட்டைச் சோலைமலையின் கையிலேயே வைத்து அழுத்தினார். அம்மை குத்த வெளியூர் போயிருந்த சர்க்கார் டாக்டர் அதற்குள் திரும்பியிருந்தார். பிணத்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள்.

பிரேதப் பரிசோதனைக்குச் சர்க்கார் பீஸ் வாங்குவதில்லை. அதனால் டாக்டர் ஜெபமணியை ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்!