மூச்சுப் பதிவுகள்

காலை பதினொரு மணிக்கு அண்ணி கதவைத் திறந்தாள். முகத்தில் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அண்ணன் போய் நான்கு மாதமாகிறது. வீட்டைக் காலி செய்கிறாள். கூடமெங்கும் பாதி நிரம்பிய அட்டைப்பெட்டிகள்.

"கம்ப்யூட்டரை ஆபீஸ்ல ஒருத்தங்களுக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். உங்க அண்ணனோட ஃபைல் மட்டும் அழிய மாட்டேங்குது தம்பி."

"அதுக்கென்ன அண்ணி, பாத்துக்கலாம்."

கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவனுக்குப் பிழைப்பு. பிடிவாதம் பிடிக்கும் ஃபைல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். அண்ணன் சாவுக்கு அழ வராதவன், வேலை என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

படுக்கையறையில் அடைத்து வைத்த வாசம். கட்டிலை ஒட்டிய மேசையில் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். டாக்டர் சொன்னதால், ராத்திரி முழுக்க அதை மைக்கில் பதிவு செய்து வந்தான். ஒரு நாள் நின்ற மூச்சு திரும்பவில்லை. அன்றைக்கென்று அண்ணி ஊரில் இல்லை.

நாளுக்கு ஒரு ஃபைல். எதை அழிக்கச் சொன்னாலும் ஒரே பதில்தான்: 'இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது.' எது என்று தேடினான். பதிவு செய்யும் புரோகிராம். நிறுத்தினான். தானாக மறுபடி ஓடியது. மூன்று முறையும் அப்படியே.

கடைசி ஃபைலின் தேதியைப் பார்த்தான்.

இன்றைய தேதி.

அதன் அளவு கூடிக்கொண்டே இருந்தது.

மைக்கைத் தேடினான். அது இழுப்பறையில், வயர் சுருட்டியபடி கிடந்தது.

"அண்ணி," குரலைத் தாழ்த்திக் கேட்டான், "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "முதல்ல எல்லாம் போட்டுக் கேப்பேன். இப்ப கேக்கறதில்ல. அது நிக்கிற இடத்துல எனக்கும் நின்னுடுது. நான் தூங்கியே நாளாச்சு. அழிச்சிடுங்க."

பென் டிரைவ் வழியாகக் கம்ப்யூட்டரைக் கிளப்பி, மொத்தத்தையும் துடைத்தான். இந்த முறை எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி. ஒண்ணும் மிச்சமில்ல."

"அப்ப நான் கொஞ்சம் படுக்கறேன்."

அவன் கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, பெட்டிகளுக்கு டேப் ஒட்ட உட்கார்ந்தான். ஒருக்களித்த கதவு வழியாக அண்ணியின் மூச்சு சீராகக் கேட்டது. அசந்து தூங்குகிறாள். தூங்கட்டும்.

அப்புறம் இன்னொரு மூச்சு.

கனமாக, கரகரவென்று.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. விரல்கள் மட்டும் சில்லிட்டுப் போயிருந்தன.

அந்த மூச்சு நின்றது.

பத்து விநாடி. இருபது. அவனும் மூச்சு விடவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தூக்கக் கலக்கத்தில் அண்ணியின் குரல், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியதைப் போல:

"திரும்பிப் படுங்க."

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. இழுத்துக்கொண்டு அந்த மூச்சு வந்தது.