அப்பா நின்றால்

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அப்பா ஆயிரம் முறைக்கு மேல் சாலையைக் கடந்துவிட்டார். ஒரு தானோட்டிகூட அவரை உரசவில்லை. தாரகை திரையைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

உண்மையான அப்பா, துரைசாமி, வடவள்ளி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கடந்தது அவருடைய கணினி நகலான நிகருரு. கோவையை அப்படியே கணினிக்குள் எழுப்பி அதற்கு நிகர்நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுநர் இல்லாத கார்களான தானோட்டிகள் உண்மைச் சாலைக்கு வருமுன் அங்கே ஓடிப் பழகும். தொடக்கத்தில் நிகர்நகரில் இருந்தவர்கள் எல்லாரும் இருபக்கமும் பார்த்து நடக்கிற நல்ல மனிதர்கள். எல்லாக் கார்களும் தேறின. தாரகைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

துரைசாமி தலையைத் திருப்ப மாட்டார். இடது கையில் வேட்டி நுனி. வலது உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார்.

"பார்த்துப் போங்கப்பா" என்றால், "நான் எதுக்குப் பார்க்கோணும்? வர்றவனுக்குக் கண்ணு இருக்குதல்ல" என்பார்.

நடையையும் சுற்றியிருப்பதையும் பதிவு செய்யும் ஓர் உணர்பட்டையை அவர் இடுப்பில் கட்டி நடக்கவிட்டாள். அவர் சாலையைக் கடந்த பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து நிகர்நகரில் ஏற்றினாள். முதல் நாள் கார்கள் அந்த நிகருருவின் மேல் திரும்பத் திரும்ப மோதின. அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு கார்கள் கற்றுக்கொண்டன. மேலாளர் மும்தாஜ் அந்த நடையை எல்லா முதிய நிகருருக்களுக்கும் கொடுக்கச் சொன்னார். அதற்கு 'அப்பா சோதனை' என்று பெயரும் வைத்தார்.

தானோட்டிகள் ஊருக்குள் வந்தன. விபத்துகள் நின்றன. கூடவே போக்குவரத்தும் நின்றது.

துரைசாமி தினமும் மாலையில் பேக்கரி வாசலில், சாலையைப் பார்த்தபடி நின்று டீ குடிப்பவர். அவர் ஓரத்தில் வந்து நின்றதும் கார்கள் எல்லாம் நின்றன. அவர் இறங்குவார் என்று காத்திருந்தன. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க நின்னா ஊரே நிக்குது. பேசாம எலெக்‌ஷன்ல நின்னுருங்க" என்றார் பேக்கரிக்கார கிருஷ்ணன்குட்டி.

சிரிப்பு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து, "பெரியவரே, வீட்லயே டீ போட்டுக் குடிங்களேன்" என்றார். அதற்குப் பிறகு அப்பா வெளியே போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பேப்பரையே படித்தார். தாரகை போட்டுக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்தார்.

"அப்பாவை நிகர்நகர்லருந்து எடுத்துடலாமா மேடம்?" என்று மும்தாஜிடம் கேட்டாள்.

"எடுத்தா நாளைக்கு யாராவது அடிபடுவாங்க. அவர் சும்மா நிக்கவும் செய்வார்னு கார்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் குடு."

மறுபடி உணர்பட்டையைக் கட்டினாள். அப்பா தனியே போக மறுத்தார். "போலீஸ்காரன் வருவான். நீயும் வா அம்மிணி."

அவளும் போனாள். பல மாலைகள் பேக்கரி வாசலில் இருவரும் நின்றார்கள். தேங்காய் பன்னில் முன்போல இனிப்பு இல்லை என்றார் அப்பா. அவள் அலுவலகக் கதைகளைச் சொன்னாள். வீட்டில் இவ்வளவு பேசியதாக அவளுக்கு நினைவில்லை. பட்டை எல்லாவற்றையும் பதிவு செய்தது.

புதிய பதிவுகளை நிகர்நகரில் ஏற்றியதும் கார்கள் அப்பாவைக் கண்டு நிற்காமல் ஓடின. அவள் நிம்மதியாக அலுவலகத்தில் உட்கார்ந்தாள். அடுத்த மாலை அப்பா தனியே டீ குடிக்கப் போனார். சற்று நேரத்தில் கிருஷ்ணன்குட்டி போன் செய்தார்.

"மோளே, மறுபடியும் எல்லாம் நின்னாச்சு. சீக்கிரம் வா."

வரிசை பாலம் வரை நீண்டிருந்தது. அவள் கார்களுக்கிடையே ஓடிப்போய் அப்பாவின் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றாள். உடனே கார்கள் நகரத் தொடங்கின.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு பதிவிலும் அப்பாவின் பக்கத்தில் அவள் இருந்தாள். துணையோடு நிற்கிற பெரியவர் இறங்க மாட்டார், தனியாக நிற்கிறவர் இறங்கிவிடுவார். கார்கள் கற்றுக்கொண்டது இதைத்தான்.

எதிர்ப்பக்கம் இன்னும் நகரவில்லை. மருந்துக்கடை முன்னால் ஒரு முதியவர் பையோடு தனியாக நின்றார். முதல் காரில் இருந்த இளைஞன் பொறுத்துப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து இறங்கி அவர் அருகே போய் நின்றான். "ஏனுங்க ஐயா, யாருக்குங்க மருந்து?" என்று கேட்டான். அவனுடைய காரைத் தவிர மற்றவை விலகிப் போயின. பெரியவர் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"இதைச் சரி பண்ண என்ன பண்ணோணும் அம்மிணி?" அப்பா கேட்டார்.

"நீங்க தனியா நிக்கறதைப் பதிவு பண்ணோணுங்கப்பா."

அப்பா ஒரு வாய் டீ குடித்தார். சாலையைப் பார்த்தார்.

"அதுக்கென்ன இப்ப அவசரம்? கிருஷ்ணன்குட்டி, புள்ளைக்கு ஒரு டீ போடு."